ஹிட் பாயிண்ட் கணக்கை எப்படி எழுதுவது, அந்த எண் எதைக் காட்டுகிறது?

மேலூர்ப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கும் நண்பரின் கேள்வியை, நான் புரிந்துகொண்ட அளவில், முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அவர் ஆறு மாதமாகத் தம் நண்பர்கள் நால்வருக்கு டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பை நடத்திவருகிறார்; ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டு அது. சண்டை தொடங்கியதும் எல்லோரும் கேரக்டர் ஷீட்டில், அதாவது கதாபாத்திரத்தின் விவரத் தாளில், ஹிட் பாயிண்ட் கட்டத்தை (வீரன் இன்னும் எவ்வளவு அடி தாங்குவான் என்ற எண்) ரப்பரால் அழித்து அழித்து எழுதுகிறார்கள். இரண்டு சுற்று முடிவதற்குள் ஒருவர் 14 மிச்சம் என்பார், பக்கத்தில் இருப்பவர் 9தான் என்பார், ஆட்டம் நின்று வாக்குவாதம் தொடங்கிவிடுகிறது. அதோடு, 3 புள்ளி மட்டும் மிச்சமுள்ள வீரனும் அடியே படாதவனைப் போல வாள் வீசுகிறான் என்பதால், அடிபட்டது யாருக்கும் உறைக்கவில்லை என்றும் வருந்துகிறார். இதற்கு நல்ல செயலி ஒன்றைச் சொல்லுங்கள் என்பதே அவர் கேட்டது. ஆனால் அவருடைய குறை இரண்டு தனித்தனிக் குறைகள். ஒன்று, கணக்கு எழுதும் முறையைப் பற்றியது; மற்றொன்று, எழுதப்படும் எண் உண்மையில் எதைக் குறிக்கிறது என்பதைப் பற்றியது. செயலி முதலாவதற்கு ஓரளவு உதவும், இரண்டாவதைத் தொடவே தொடாது.

எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் 22 ஆண்டுகளாகப் பேரேடு எழுதுகிறேன். தல்லாகுளத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், 11 ஆண்டுகளாக, பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இந்த விளையாட்டை நடத்துகிறேன். நான்கு பேரிலிருந்து ஆறு பேர் வரை வருவார்கள். கீழே விதி என்று நான் சொல்பவை எல்லாம் 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் அச்சில் உள்ளவை. அவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. வழக்கம் என்று சொல்பவை எங்கள் மாடியில் நாங்கள் பழகிக்கொண்டவை. அவை உங்களுக்கும் பொருந்தும் என்று நான் உறுதி கூற மாட்டேன். ஆறு பேருக்கு மேல் அமரும் குழுவையோ, இணையவழி ஆட்டத்தையோ நான் நடத்தியதில்லை.

இரண்டாவது குறையிலிருந்தே தொடங்குகிறேன். எண் எதைக் குறிக்கிறது என்பதை முடிவு செய்யாமல், அதை எப்படி எழுதுவது என்று பேசுவதில் பயன் இல்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட முதல் பதிப்பிலேயே ஹிட் பாயிண்ட் இருக்கிறது. அதற்கு முன்பே, ஆர்னெசன் தம் நண்பர்களுக்கு நடத்திய பிளாக்மூர் ஆட்டத்தில் அது பிறந்துவிட்டது. எதிரியை ஒரே அடியில் கொல்வதில் ஆட்டக்காரர்களுக்கு மனக்குறை இல்லை. தங்கள் வீரன் ஒரே அடியில் சாவதைத்தான் அவர்களால் ஏற்க முடியவில்லை. எனவே, அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து இரும்புக் கவசக் கப்பல்களுக்கென்று தம்மிடம் இருந்த கடற்போர் விதிகளிலிருந்து இந்த முறையை எடுத்துக்கொண்டதாக ஆர்னெசனே பிற்காலத்தில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்குப் பல ஆண்டுச் சந்தேகம் ஒன்று தெளிந்தது. கப்பலின் பக்கச் சுவரில் ஒரு குண்டு விழுந்துவிட்டது என்பதற்காக அதன் பீரங்கிகள் ஓய்ந்துவிடுவதில்லை. மூழ்கும் வரை அது சுட்டுக்கொண்டே இருக்கலாம். 3 புள்ளியோடு முழு வீச்சில் வாள் சுழற்றும் உங்கள் வீரன் அந்தக் கப்பலின் வழியில் வந்தவன் என்பது என் கருத்து.

கைகாக்ஸ் 1979இல் எழுதிய ஆட்ட நடத்துநர் வழிகாட்டியில், ஹிட் பாயிண்ட் முழுவதும் உடற்காயம் அல்ல என்பதை விளக்கமாகவே வாதாடியிருக்கிறார். அனுபவம் கூடக்கூடப் புள்ளி கூடுகிறது, ஆனால் மனிதனின் தசையும் எலும்பும் அப்படிக் கூடிக்கொண்டே போவதில்லை. ஆகவே அந்த எண்ணில் போர்த்திறனும் அதிர்ஷ்டமும் தெய்வத் துணையும் கலந்திருக்கின்றன என்பது அவர் நிலை. இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. காணும் பொங்கலன்று அலங்காநல்லூரில் வாடிவாசலுக்கு எதிரே நின்று பார்த்தவர் எல்லோருக்கும் இது தெரியும். திமிலைக் கட்டிக்கொண்டு போகிறவனுக்கு முதலில் கால் வழுக்குகிறது. அடுத்து மூச்சு வாங்குகிறது. பிறகு கைப்பிடி தளர்கிறது. கொம்பு பனியனைக் கிழித்து விலாவை உரசிக்கொண்டு போகிறது. இத்தனை நடந்தும் அவன் உடம்பில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு காயம் இல்லை. ஆனாலும் அவனிடம் ஏதோ ஒன்று தீர்ந்துகொண்டே வருகிறது என்பது பார்ப்பவர்களுக்குத் தெரிகிறது. அப்படித் தீர்ந்துவருவதுதான் ஹிட் பாயிண்ட். அது முழுவதும் தீர்ந்த பிறகு வரும் குத்துதான் குத்து. இப்படிப் பார்த்தால், 3 புள்ளியில் நிற்பவன் நன்றாகச் சண்டை போடுவது குறையாகத் தோன்றாது; அவன் இன்னும் குத்துப்படவில்லை, இனித் தப்பிக்க அவனிடம் எதுவும் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாத ஞாயிறு, எங்கள் மாடியிலும் உங்கள் வாக்குவாதமே நடந்தது. அனுபவத்தால் மூன்றாம் நிலைக்கு உயர்ந்த போர்வீரன் ஒருவன். ஹிட் பாயிண்ட் பெரும அளவு 28. கதாபாத்திரத்துக்கு உரியவர் 14 மிச்சம் என்றார், அருகில் இருந்தவர் 9 என்றார். தாளை வாங்கிப் பார்த்தேன். அந்தக் கட்டத்தை அழித்து எழுதி அழித்து எழுதித் தாளே பொத்தலாகி, அதன் வழியே அடியில் விரித்திருந்த பாயின் கோரை தெரிந்தது. 14க்கும் 9க்கும் வேறுபாடு 5. அது கோப்ளின் என்ற குட்டி எதிரி ஒன்றின் அம்பாக இருக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றியது. ஆனால் அந்த அம்பைக் கழித்தாயிற்றா, கழிக்கவில்லையா என்பதைச் சொல்ல அந்தத் தாளில் எதுவும் இல்லை. கடையில் ஒரு பையன் இப்படிக் கணக்கு வைத்திருந்தால் அன்றைக்கே அவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருப்பேன். என் மேசையில் நானே அதை ஆண்டுக்கணக்கில் அனுமதித்திருந்தேன் என்பது அன்றுதான் உறைத்தது.

பேரேட்டில் அழிப்பது கிடையாது. தவறாக எழுதிவிட்டால் ஒரே கோடாக அடித்துவிட்டு, அடுத்த வரியில் திருத்தப் பதிவு போடுவோம். அடித்ததும் படிக்கும்படியாகவே இருக்க வேண்டும். இருப்பு என்பது பதிவுகளிலிருந்து வருவது. பதிவு இருந்தால் இருப்பை எப்போது வேண்டுமானாலும் கூட்டி எடுத்துக்கொள்ளலாம்; இருப்பு மட்டும் இருந்தால் பதிவுகளை மீட்க முடியாது. எனவே அன்று முதல் எங்கள் வழக்கம் இது. கேரக்டர் ஷீட்டில் ஹிட் பாயிண்ட் கட்டத்தில் யாரும் கை வைப்பதில்லை. ஒவ்வொருவரிடமும் நீள நோட்டில் கிழித்த ஒரு தாள் இருக்கிறது; மேலே பெரும அளவை மட்டும் எழுதி வட்டமிடுகிறார்கள். கீழே ஒவ்வோர் அடிக்கும் ஒரு வரி: எது அடித்தது, என்ன வகை, எவ்வளவு, இதுவரை மொத்தம். கோப்ளின் அம்பு, குத்து, 5, மொத்தம் 5. ஓநாய்க் கடி, குத்து, 7, மொத்தம் 12. தீப்பந்தம், தீ, 4, மொத்தம் 16. குழுவில் குருவாக ஆடுபவரின் சிகிச்சை 6 கிடைத்தால் அதைக் கழித்து மொத்தம் 10. பெருமம் 28 என்பதால் அவனிடம் 18 இருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரிகிறது. அந்த 18ஐ எங்கும் எழுதவேண்டியதில்லை.

இப்படிக் கீழிருந்து மேலே கூட்டிக்கொண்டு போவதில் இரண்டு நன்மைகள் கண்டேன். கழித்தலைவிடக் கூட்டலில் ஆட்டக்காரர்கள் குறைவாகத் தவறு செய்கிறார்கள் என்பது ஒன்று. இது என் மேசையில் கண்டதே தவிர வேறு ஆதாரம் என்னிடம் இல்லை. மற்றொன்று விதியோடு நன்றாகப் பொருந்துகிறது. எய்ட் என்ற மந்திரம் பெரும அளவையும் இருப்பையும் 5 உயர்த்துகிறது. மேலே உள்ள எண்ணை 33 என்று மாற்றினால் போதும், இருப்பு தானாகவே 5 உயர்ந்துவிடும். மந்திரம் முடியும்போது மட்டும் கவனம் தேவை. பெருமம் 28க்கு இறங்கினாலும், விதிப்படி, இருப்பு அந்தப் புதிய பெருமத்தைத் தாண்டியிருந்தால்தான் குறைய வேண்டும். 10 புள்ளி அடி வாங்கி 23இல் நிற்பவன் 23இலேயே நிற்பான். எனவே அவன் தாளில் 5 புள்ளியைக் கழித்து மொத்தத்தை 5 ஆக்க வேண்டும். இதைச் செய்ய மறந்தால், கிடைக்காத அடி ஒன்று அவன் தலையில் ஏறிவிடும்.

அடியைத் தனித்தனியாக எழுதச் சொல்வதற்கு வாக்குவாதத்தைத் தவிர்ப்பது மட்டும் காரணம் அல்ல. ஐந்தாம் பதிப்பின் விதிகளே பல இடங்களில் இருப்பைக் கேட்பதில்லை, அடியைத்தான் கேட்கின்றன. மந்திரத்தில் மனத்தை ஊன்றியிருக்கும் மந்திரவாதி அடிபட்டால், 10 அல்லது அந்த அடியில் பாதி, இரண்டில் எது பெரிதோ அதை எட்டும்படி பகடை உருட்ட வேண்டும். ஒரே அடியாக 26 விழுந்தால் அவர் 13ஐ எட்ட வேண்டும், இரண்டு பேரிடம் 13 வீதம் வாங்கினால் 10ஐ இரண்டு முறை எட்ட வேண்டும். மொத்தம் ஒன்றுதான், நிலைமை ஒன்றல்ல. சோம்பியை (நடமாடும் பிணம்) 0க்கு இறக்கும் அடி எவ்வளவோ அதோடு 5ஐக் கூட்டி, அந்த எண்ணுக்கு எதிராக அது உருட்டலாம். வென்றால் 1 புள்ளியோடு நிற்கும், அந்த அடி ஒளி வகையாகவோ கிரிட்டிகலாகவோ (தாக்கும் பகடையில் 20 விழுந்த அடி) இருந்தால் அந்த வாய்ப்பு அதற்குக் கிடையாது. டிரோல் என்ற அரக்கன் தன் முறை வரும்போதெல்லாம் 10 புள்ளி தேறிக்கொள்ளும், ஆனால் இடையில் தீயோ அமிலமோ அதன்மேல் பட்டிருந்தால் அம்முறை தேறாது. 28 பெருமமும் 6 இருப்பும் உள்ளவன்மேல் ஒரே அடியாக 34 விழுந்தால், 0க்குப் போன பின் மீந்தது 28, அது அவன் பெருமத்துக்குச் சமம் என்பதால் அந்த இடத்திலேயே இறக்கிறான். 33 விழுந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பான், காப்பாற்றியிருக்கலாம். ஒரு புள்ளியில் ஒரு கதாபாத்திரத்தின் உயிர் இருக்கிறது. அடியின் வகையையும் அளவையும் எழுதப் பழகிய மேசையில் இந்த வினாக்கள் அந்தக் கணத்திலேயே யாராவது ஒருவருக்கு நினைவு வருகின்றன.

யார் கழிப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே கிளம்பின. எங்கள் வழக்கத்தில், அடிப்பவர் முழுத் தொகையையும் வகையையும் சொல்வார், அதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டார். வாங்குபவர்தான் தம்மிடமுள்ள தடுப்பைக் கணக்கிட்டு எழுதுவார். 'தீ, 17' என்று நான் சொல்கிறேன். தீயைப் பாதியாக்கும் ஆற்றல் அவரிடம் இருந்தால் அதை அவர் பார்த்துக்கொள்வார். நானும் நினைவு வைத்துப் பாதியாக்கி 8 என்று சொல்லி, அவரும் மறுபடி பாதியாக்கி 4 என்று எழுதிய நாட்கள் உண்டு. வரிசையும் முக்கியம். வேறு கழிவுகள் இருந்தால் அவற்றை முதலில் கழித்துவிட்டுத்தான் பாதியாக்க வேண்டும் என்பது விதி. 17இல் 3ஐக் கழித்தால் 14, அதில் பாதி 7. முதலில் பாதியாக்கினால் 8, அதில் 3 போனால் 5. பின்னம் வந்தால் கீழே இறக்க வேண்டும்.

டெம்பரரி ஹிட் பாயிண்டை, அதாவது தற்காலிகமாகக் கிடைக்கும் கூடுதல் புள்ளியை, தாளின் ஓரத்தில் தனியாக எழுதுங்கள், பெருமத்தோடு சேர்க்காதீர்கள். அது இரவல் பணம் போன்றது. அடி விழுந்தால் முதலில் அதுதான் போகும். சிகிச்சையால் அது திரும்பாது. முன்பே 5 இருக்கையில் புதிதாக 8 கிடைத்தால் 13 ஆகாது, இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

எதிரிகளின் கணக்கு உங்கள் பொறுப்பு என்பதால், நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஏழு கோப்ளின்கள் ஒரே நேரத்தில் பாய்ந்து வரும்போது நோட்டில் ஏழு பத்தி போட்டு எழுதினால் நீங்கள் கதை சொல்வதை நிறுத்திவிட்டு எழுத்தராகிவிடுவீர்கள். என் பாட்டியின் பல்லாங்குழிப் பலகை வீட்டில் சும்மா கிடந்தது. அதில் பக்கத்துக்கு ஏழாக 14 குழிகள். ஒரு குழி ஓர் எதிரி. அடி விழ விழ, புள்ளிக்கு ஒரு புளியங்கொட்டையைக் குழியில் போடுகிறேன். கோப்ளினுக்கு ஹிட் பாயிண்ட் 7. குழியில் ஏழாவது கொட்டை விழுந்தால் அது சாய்ந்தது. குழியில் எத்தனை என்பதை எண்ணாமலே விரல் நுனியில் தெரிகிறது, தலை நிமிர்ந்தே பேச முடிகிறது. பலகை என் மடிக்குப் பக்கத்தில், என் குறிப்புகளை மறைக்கும் திரைக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் கொட்டை விழும் சத்தம் எல்லோருக்கும் கேட்கிறது. 59 புள்ளி கொண்ட ஓகருக்கோ 84 புள்ளி கொண்ட டிரோலுக்கோ இது உதவாது, அவற்றுக்குத் தாள்தான். 11 புள்ளி ஓநாய், 13 புள்ளி எலும்புக்கூடு, 22 புள்ளி சோம்பி வரை தாராளமாகச் செய்யலாம்.

அந்தச் சத்தத்திலிருந்துதான், அடி உறைக்கவில்லை என்ற உங்கள் இரண்டாவது குறைக்கும் எனக்கு ஒரு வழி கிடைத்தது. தொடக்க நிலைகளில், தாளோடு கூடவே, ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் எவர்சில்வர் கிண்ணம் கொடுத்து, தம் ஹிட் பாயிண்ட் எவ்வளவோ அத்தனை புளியங்கொட்டை எண்ணிப் போடச் சொன்னேன். எண்ணிக்கை ஏறியபின் பத்துக்கு ஒரு சோழி. அடி விழுந்தால் நான் கையை நீட்டுவேன், அவர்களே எடுத்து என் உள்ளங்கையில் வைக்க வேண்டும். தாளில் 12 என்று எழுதும்போது மாறாத முகம், ஏழு கொட்டையை எண்ணி எடுத்துக் கொடுக்கும்போது மாறியது. கிண்ணத்தில் மூன்றே கொட்டை கிடந்து உருள்வதை எதிரே இருப்பவரும் பார்க்கிறார், கேட்காமலே தம் முறையைச் சிகிச்சைக்குச் செலவிடுகிறார். ஏழாம் எட்டாம் நிலைகளில், ஒரே அடியில் 30க்கு மேல் போகத் தொடங்கியதும், எண்ணுவதிலேயே நேரம் போய் இது சலித்துவிட்டது. அப்போது கிண்ணங்களை எடுத்துவைத்துவிட்டேன்.

எண்ணைத் தவிர வேறு வழிகளில் காயத்தைக் காட்டும் விளையாட்டுகளும் நிறைய உள்ளன. உங்கள் குறைக்கு அவை தந்த விடைகளை அறிந்துகொள்வது நல்லது. 1977இல் வந்த டிராவலர் ஹிட் பாயிண்டே வைக்கவில்லை. அடி நேரடியாக வலிமை, சுறுசுறுப்பு, தாங்குதிறன் ஆகிய பண்புகளில் கழிகிறது, எனவே அடிபட்டவன் அடிபட்டவனாகவே நடக்கிறான். 1978இன் ரூன்குவெஸ்ட் தலை, மார்பு, கை, கால் என்று உறுப்புக்கு உறுப்பு தனிக் கணக்கு வைத்தது. 1991இன் வாம்பயர்: தி மாஸ்கரேட் எண்ணுக்குப் பதிலாக ஏழு படிகள் வைத்து, படி இறங்க இறங்க உருட்டும் பகடைகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. ஃபேட் என்ற விளையாட்டில், பெரிய அடியைத் தாங்க வேண்டுமானால் 'உடைந்த விலா' போல ஒரு சொற்றொடரை ஆட்டக்காரரே தம் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அது ஆறும்வரை எதிரிகள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இவற்றைக் கண்டு, நானும் ஒருமுறை ஐந்தாம் பதிப்பில், ஹிட் பாயிண்ட் பாதிக்குக் கீழே போனால் தாக்கும் பகடையில் 2 கழிய வேண்டும் என்று சேர்த்துப் பார்த்தேன். அது தவறாகப் போயிற்று. முதல் சுற்றில் அடிவாங்கியவருக்கு இரண்டாம் சுற்றில் குறி தவறியது. குறி தவறியதால் எதிரி சாகவில்லை. எதிரி சாகாததால் மேலும் அடி விழுந்தது. மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதித்த கதைதான். இரண்டு மணி நேரம் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அடுத்த வாரம் வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பேசி, அந்த விதியை எடுத்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் வந்தார். வாம்பயர் போன்ற விளையாட்டுகள் அந்தச் சரிவைக் கருதியே கட்டப்பட்டவை, அங்கே சண்டை அரிதாகவும் குறுகியதாகவும் இருக்கும். ஓர் அமர்வுக்கு மூன்று நான்கு சண்டைகள் வரும் ஐந்தாம் பதிப்பில் அதைக் கொண்டுவந்து ஒட்டக்கூடாது என்பது என் திடமான கருத்து.

பதிலாக நாங்கள் வைத்துக்கொண்டவை இரண்டு. 2008இல் வந்த நான்காம் பதிப்பில், பாதி ஹிட் பாயிண்டுக்கு இறங்கியவர்களுக்கு 'பிளடீட்' என்று ஒரு நிலை இருந்தது. அந்த நிலையை எந்தத் தண்டனையும் இல்லாமல், அறிவிப்பாக மட்டும் வைத்துக்கொண்டோம். பாதியைத் தாண்டும் அடியில் முதல் முறையாக இரத்தம் தெரிகிறது; அதுவரை உரசலும் மூச்சிரைப்பும்தான். எதிரிகளுக்கும் அப்படியே, எண்ணைச் சொல்லமாட்டேன், பாதியாகிவிட்டது என்பதைச் சொல்லிவிடுவேன். 0க்குப் போய் எழுந்தவர்களுக்கு மட்டும் இரண்டாவது வழக்கம். பழந்தமிழில் மார்பிலும் முகத்திலும் பட்டதை விழுப்புண் என்றும், முதுகில் பட்டதைப் புறப்புண் என்றும் பிரித்துச் சொன்னார்கள். வெண்ணிப் போரில் கரிகாலனின் வேல் தன் மார்பைத் துளைத்து முதுகில் வெளிப்பட்டதால், அதைப் புறப்புண்ணாகக் கருதி நாணி, சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர்விட்டான். அவனைக் கொன்றது புண்ணின் அளவு மட்டும் அல்ல. எங்கள் கதை பழைய பாண்டிய நாட்டைப் போன்ற ஓர் உலகில் நடப்பதால், 0க்கு விழுந்து எழுந்தவர் தம் தாளில் பின்புறம் ஒரு வரி எழுதுகிறார்: எங்கே பட்டது, யார் தந்தது, எதிர்கொண்டா ஓடும்போதா. அந்த வரியை யாரும் அடிப்பதில்லை, அதற்கு எண்ணும் கிடையாது. மூன்றாண்டுக்கு முன் ஒரு கணவாயில் ஓடும்போது முதுகில் அம்பு வாங்கிய வில்லாளி, பிறகு வந்த எந்தப் போரிலும் பின்வாங்கச் சம்மதித்ததில்லை. அப்படிச் செய் என்று எந்த விதியும் அவரைக் கேட்கவில்லை.

0இல் கிடப்பவரின் கணக்கை மட்டும் எல்லோரும் பார்க்கும்படி நடுவில் வையுங்கள். இருபது பக்கப் பகடையில் 10க்கு மேலோ 10ஓ விழுந்தால் ஒரு வெற்றி, கீழே விழுந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றியில் நிலைபெறுவார், மூன்று தோல்வியில் இறப்பார். 1 விழுந்தால் இரண்டு தோல்வி, 20 விழுந்தால் 1 புள்ளியோடு கண் திறப்பார். கிடக்கும்போது மறுபடி அடி விழுந்தால் ஒரு தோல்வி, அது கிரிட்டிகலானால் இரண்டு. விழுந்து எழுந்து, எழுந்து விழுவதைத் தடுக்க, ஒவ்வொரு முறையும் ஒரு படி களைப்பு ஏற்றும் வழக்கம் பல மேசைகளில் இருக்கிறது. கதைக்குள் ஓர் இரவு உறங்கும் நீண்ட ஓய்வு ஒன்றில் ஒரு படிதான் இறங்கும், ஆறாம் படியில் மரணம் என்பதால் எங்களுக்கு அது கடுமையாக இருந்தது. உங்கள் நண்பர்கள் அதை விரும்பவும் கூடும், கேட்டுப் பாருங்கள்.

கடைசியாகச் செயலி. ஒரே நேரத்தில் பல மந்திரங்களின் விளைவுகள் ஓடும் உயர்ந்த நிலைகளில் செயலி கூட்டல் கழித்தலைப் பிழையின்றிச் செய்யும், அதை மறுக்கமாட்டேன். எங்களில் ஒருவர் பத்தாம் நிலைக்குப் பிறகு அதைத்தான் வைத்திருக்கிறார். ஆனால் நான் பார்த்த வரையில் அதில் கண்ணில் படுவது இருப்பு மட்டும்தான், அந்த இருப்புக்கு எப்படி வந்தோம் என்பதை அது முன்னால் காட்டுவதில்லை. திரை ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரிவதால் பக்கத்தில் இருப்பவருக்கு நண்பனின் நிலையும் தெரிவதில்லை. நான்கு பேர், தொடக்க நிலைகள் என்றால் ஒரு நீள நோட்டும் நான்கு பேனாவும் போதும், பென்சில் வேண்டாம். நடந்துகொண்டிருக்கும் கதையை இதற்காக நிறுத்தவும் தேவையில்லை. அடுத்த நீண்ட ஓய்வில் எல்லோருக்கும் ஹிட் பாயிண்ட் முழுவதும் திரும்பிவிடும்; பழைய தகராறுகளும் அங்கே பைசல் ஆகிவிடும் என்பதால், மறுநாள் காலை பெரும அளவை எழுதி வட்டமிட்டு, அதன் கீழே முதல் அடியிலிருந்து தொடங்கிக்கொள்ளலாம்.